ட்ரெட்லாக்ஸுக்கு வீட்டுலயே கலர்: பூசுறது ஈசி, அலசி எடுக்குறதுதான் வேலை

ட்ரெட்லாக்ஸ் (சுருக்கமா ட்ரெட்ஸ், லாக்ஸ்), அதாவது முடியைச் சிக்க விட்டு சடை சடையா இறுக வச்சிருக்கவங்க பார்லருக்குப் போய் கலர் போடணும்னு கேட்டா பாதி பேரு "இதுக்கெல்லாம் நாங்க போடுறதில்ல"ன்னு சொல்லிடுவாங்க, மீதி பேரு சரி உக்காருங்கன்னு சொல்லி சாதாரண முடிக்குப் போடுற மாதிரியே போட்டு அஞ்சு நிமிஷம் அலசி அனுப்பிடுவாங்க. ரெண்டாவதுதான் ஆபத்து. அதனாலதான் லாக்ஸ் வச்சிருக்க நெறைய பேரு வீட்டுலயே போட்டுக்குறாங்க, நானும் சென்னையில வீட்டுலதான் போடுறேன். ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடியும், பின்னாடி பாத்துப் பூச கூட ஒரு ஆள் இருக்காங்கன்னா நீங்களும் போடலாம்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும். விரிச்சுப் போட்ட முடியில ஒவ்வொரு இழையும் தனியா இருக்கு, தண்ணி பட்டதும் மருந்து போயிடும். ஒரு லாக்ல நூத்துக்கணக்கான முடி ஒண்ணோட ஒண்ணு சிக்கி கம்பளி மாதிரி இறுகிப் போயிருக்கு. வெளிய பூசுன டை மெதுவா உள்ள எறங்கும், ஆனா எறங்குனது தானா வெளிய வராது, நாமதான் பிழிஞ்சு பிழிஞ்சு எடுக்கணும். எடுக்காம விட்டா கருப்பை வெளுக்க வைக்கிற ப்ளீச்சும் டையோட கலக்குற பெராக்சைடும் நடுவுல இருந்துக்கிட்டு முடியை அரிச்சுக்கிட்டே இருக்கும், வெளிய பாத்தா கலர் சூப்பரா இருக்கும், கொஞ்ச வாரம் கழிச்சு தலை துவட்டும்போது லாக் பாதியில அறுந்து கையோட வரும். இங்க யாராவது "கலர் போட்டதுல என் ட்ரெட்ஸ் போச்சு"ன்னு சொன்னா முக்காவாசி கேஸ்ல டை மேல தப்பு இருக்காது, அலசுனதுலதான் இருக்கும்.

யாருக்கு இப்ப வேண்டாம்னு சொல்லிடுறேன். லாக்ஸ் ஆரம்பிச்சு ஒரு வருஷம் கூட ஆகலன்னா வெயிட் பண்ணுங்க, இன்னும் இறுகாத லாக்கை இவ்ளோ தடவை நனைச்சு பிழிஞ்சா பிரிஞ்சு வந்துடும். பென்சில் தடிமன் கூட இல்லாத ஒல்லி லாக், நடுவுல மெலிஞ்சு போன லாக், இதுக்கெல்லாம் ப்ளீச் வேண்டவே வேண்டாம். தலையில புண்ணு, சொறி, சோரியாசிஸ் இருந்தா அது ஆறட்டும். மாசமா இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அப்புறம் எக்ஸ்டென்ஷன் வச்சு நீளம் கூட்டியிருந்தா அது நெசமான முடியா செயற்கையான்னு தெரிஞ்சிக்கணும், ஏன்னா கானெகலான் மாதிரி செயற்கை இழையில ஹேர் டை பிடிக்கவே பிடிக்காது. ஒரே ஒரு இழையை வெட்டி எடுத்து தீக்குச்சியில காட்டுங்க (தலையில வச்சுக்கிட்டு இல்லங்க, வெட்டி எடுத்து). பொசுங்கின முடி வாசம் வந்து சாம்பலா உதிர்ந்தா நெசமான முடி, உருகி கெட்டியா ஒரு மணியா ஆனா பிளாஸ்டிக்.

சாமிக்கு வேண்டிக்கிட்டு சடை வளக்குறவங்களுக்கு இது எதுவும் பொருந்தாது. ஜமைக்காவோட ராஸ்தாஃபாரிங்கிற மத வழியில நம்பிக்கையோட வளக்குறவங்களும் நெறைய பேரு கெமிக்கல் டை பக்கம் போக மாட்டாங்க. நான் சொல்றது ஆசைக்கு வச்சிருக்க நம்மள மாதிரி ஆளுங்களுக்கு. "சாமியார் மாதிரி இருக்க, இதுல கலர் வேறயா"ன்னு வீட்டுல கேட்டா சிவனுக்கே செஞ்சடைதான்னு சொல்லி சமாளிங்க.

சரி, எந்த டை? கடையில போய் டைன்னு கேட்டா எல்லாம் ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில இருக்கும், ஆனா உள்ள நடக்குற வேலை வேற வேற.

பெர்மனன்ட் டைன்னா ரெண்டு டியூப், ஒண்ணுல கலர், ஒண்ணுல டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. கலர் டியூப்ல இருக்கிறது ரொம்பச் சின்ன மூலக்கூறு, அது முடிக்குள்ள நுழைஞ்சு பெராக்சைடோட சேந்து பெரிய கலர் மூலக்கூறா மாறி அங்கேயே மாட்டிக்கும், அதனாலதான் தண்ணியில போகாது. 1907ல யூஜின் ஷுலேர்னு ஒரு ஃபிரெஞ்சு கெமிஸ்ட் செயற்கை டை செஞ்சாரு, அவர் ஆரம்பிச்ச கம்பெனிதான் இன்னைக்கு லோரியல், அன்னைக்கு இருந்த அடிப்படை வேதியியல்தான் இன்னமும் பெரும்பாலும் ஓடுது. இதுல அமோனியா இல்லைன்னு அட்டையில பெருசா போட்டிருந்தா கெமிக்கலே இல்லன்னு நெனைச்சுக்காதீங்க. அமோனியாவுக்கு பதிலா எத்தனோலமைன்னு ஒண்ணு இருக்கும், நாத்தம் கம்மி, ஆனா அமோனியா மாதிரி ஆவியாகி பறந்து போகாது, முடியிலயே தங்கும். சாதாரண முடிக்கு அது பெரிய விஷயம் இல்ல, லாக்ஸுக்கு இன்னும் நல்லா அலசணும்னு அர்த்தம்.

செமி பெர்மனன்ட்ன்னு சொல்ற டைரக்ட் கலர் இன்னொரு வகை. சிவப்பு, ஊதா, நீலம், பச்சைன்னு பளபளன்னு வருமே, மேனிக் பேனிக், ஆர்க்டிக் ஃபாக்ஸ் எல்லாம் இந்த ரகம், இப்ப இந்திய பிராண்டும் நெறைய வந்திருக்கு. பெராக்சைடு கிடையாது, முடியைக் கெடுக்காது, கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துப் போகும். லாக்ஸுக்கு என்னோட ஓட்டு இதுக்குத்தான், ஏன்னா உள்ள கொஞ்சம் தங்குனா கூட எதையும் அரிக்காது. ஒரே பிரச்சனை, நம்ம கருப்பு முடி மேல பூசுனா தெரியாது. அதுக்கு முன்னாடி ப்ளீச் பண்ணணும், அங்க போய் திரும்ப அதே பெராக்சைடுதான்.

மருதாணி. இயற்கைதானேன்னு எல்லாரும் முதல்ல இங்கதான் வருவாங்க. மருதாணியில இருக்க லாசோன் முடியோட புரதத்துல நல்லா ஒட்டிக்கும், கெடுதல் இல்ல, ஆனா கருப்பு முடியை வெளுக்க வைக்காது, வெயில்ல நின்னா ஒரு செம்பு ஷேட் தெரியும், அவ்ளோதான். லாக்ஸ்ல அதை விட பெரிய தலைவலி பொடி. அரைச்சுக் கொழச்சுப் பூசுனீங்கன்னா அந்தத் திப்பி உள்ள போய் உக்காந்துக்கிட்டு மாசக்கணக்கா உதிரும். மருதாணிதான் வேணும்னா பொடியை வெந்நீர்ல ஊற வச்சு, பழைய வேட்டித் துணியில ரெண்டு தடவை வடிகட்டி, அந்தச் சாறுல லாக்ஸை முக்கி வைங்க, கலர் கம்மியாத்தான் வரும், சுத்தமா இருக்கும். இன்னொண்ணு, மருதாணின்னு பேரு போட்டு கருப்பா வர்ற பாக்கெட்ல பலதுலயும் பிபிடி (பெர்மனன்ட் டையில இருக்க, அலர்ஜி கெளப்பக்கூடிய கெமிக்கல்) இருக்கும், அது மருதாணியே இல்ல. சில கலவையில உலோக உப்பு கூட கலந்திருக்கும், அது போட்ட முடி மேல ப்ளீச் வச்சா சூடாகி புகையுற அளவுக்குப் போகும். அவுரிப் பொடி போட்ட முடியில ப்ளீச் வச்சா பச்சையா மாறலாம். முன்னாடி என்ன போட்டீங்கன்னு ஞாபகம் இல்லன்னா டெஸ்ட் பண்ணாம ப்ளீச் தொடாதீங்க.

கலர் எது எடுக்கலாம்ங்கிறதுல எனக்கு ஒரு ஸ்ட்ராங்கான கருத்து இருக்கு. நம்ம முடி கிட்டத்தட்ட முழுக் கருப்பு, கலர் சார்ட்ல 1, 2ன்னு நம்பர் வரும். ப்ளீச் வச்சா கருப்புல இருந்து சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், கடைசியா வெளிர் மஞ்சள்னு படிப்படியாத்தான் போகும். நீலம், பேஸ்டல் பிங்க், சில்வர் எல்லாம் வரணும்னா அந்தக் கடைசி வெளிர் மஞ்சள் வரைக்கும் போயாகணும், இல்லன்னா நீலம் மஞ்சள்ல விழுந்து பாசி பச்சையா நிக்கும். அதுக்கு ரெண்டு மூணு ரவுண்டு ப்ளீச், லாக்ஸுக்கு அது தற்கொலை. ஆனா பர்கண்டி, டார்க் ரெட், காப்பர் மாதிரி சூடான கலருக்கு ஆரஞ்சு வந்தாலே போதும், ஒரே ரவுண்டுல முடிஞ்சிடும். முதல் தடவை போடுறவங்க இந்தக் குடும்பத்துலயே இருங்க. ப்ளீச்சே வேண்டாம், சும்மா வெயில்ல ஒரு சிவப்பு அடிச்சா போதும்னா பெர்மனன்ட் பர்கண்டி 6 சதவீத டெவலப்பரோட நேரடியா போடலாம், ட்யூப்லைட் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது, அதுக்கு ரெடியா இருங்க.

டெவலப்பர் நம்பர் கொழப்பம் நெறைய பேருக்கு இருக்கு. 10 வால்யூம்னா 3 சதவீத பெராக்சைடு, 20ன்னா 6, 30ன்னா 9, 40ன்னா 12. லாக்ஸுக்கு 20 தாண்டாதீங்க. பொறுமை இல்லாதவங்க 40 வாங்கிட்டு வந்து சீக்கிரம் முடிச்சிடலாம்னு பாப்பாங்க, முடியும் சேந்து முடிஞ்சிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம், மளிகைக் கடையில ப்ளீச்சிங் பவுடர்னு ஒண்ணு கெடைக்கும், அது பாத்ரூம் கழுவுறதுக்கு, குளோரின் பவுடர், தலை பக்கமே கொண்டு போகக் கூடாது. ஃபேன்சி ஸ்டோர்ல முகத்துக்குப் போடுற ப்ளீச் இருக்கும், அதுவும் இதுக்கு இல்ல. மெடிக்கல்ல புண்ணு கழுவ விக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணியா இருக்கும், பூசுன இடத்துல நிக்காம கண்ணுக்கும் கழுத்துக்கும் ஓடும். பார்லர் சாமான் விக்கிற கடையில ஹேர் ப்ளீச் பவுடர், க்ரீம் டெவலப்பர்னு தெளிவா கேட்டு வாங்குங்க.

சாமான் வாங்கும்போது அளவு விஷயத்துல ஏமாறாதீங்க. லாக்ஸ் டையைக் குடிக்கும். தோள் வரைக்கும் விரிச்ச முடிக்கு ஒரு பாக்ஸ்னா அதே நீள லாக்ஸுக்கு ரெண்டு, தடியா இருந்தா மூணு, பாதியில தீந்து போய் கடைக்கு ஓடுறதை விட மிச்சம் இருக்கிறது மேல். மிச்சம்னா கலக்காத டியூப்தான், கலந்ததை பாட்டில்ல மூடி வைக்காதீங்க, கேஸ் உண்டாகி வெடிக்கும். பிளாஸ்டிக் கிண்ணம், பிரஷ், நல்ல கையுறை ரெண்டு மூணு ஜோடி, வாசலின், அலுமினியம் ஃபாயில், ஷவர் கேப், வாய் கூர்மையா இருக்க சாஸ் பாட்டில் ஒண்ணு, போனா போகட்டும்னு ஒரு பழைய பனியன் இல்ல நைட்டி, அப்புறம் ஈரிழைத் துண்டு நாலஞ்சு. எவர்சில்வர் பாத்திரத்துல கலக்கி அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்காதீங்க.

கலர் போடுற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வேலை ஆரம்பிக்குது. தலையில போடப் போற அதே டையை முழங்கை மடிப்புலயோ காதுக்குப் பின்னாடியோ ஒரு பொட்டு வச்சு 48 மணி நேரம் பாருங்க. அரிப்பு, தடிப்பு, கொப்புளம் எது வந்தாலும் அந்த டை உங்களுக்கு இல்ல. பிபிடி அலர்ஜி வெளையாட்டு இல்ல, மூஞ்சி வீங்கி கண்ணு மூடிக்கிற அளவுக்குப் போகும், போன தடவை ஒண்ணும் ஆகலங்கிறதும் கணக்கு இல்ல, திடீர்னு ஒரு தடவை ஆரம்பிக்கும். டூரிஸ்ட் எடத்துல கருப்பு மருதாணி டாட்டூ போட்டு அந்த எடம் எப்பவாவது தடிச்சிருந்தா பெர்மனன்ட் டையை மறந்துடுங்க.

அதே நாள்ல லாக்ஸை நல்லா கழுவிக் காய வைங்க. எண்ணெய், ஜெல், மெழுகு எதுவும் ஒரு வாரமா படாம இருக்கணும். முக்கியமா மெழுகு, ட்ரெட் வாக்ஸ்னு விக்கிறாங்களே, அது இருக்க எடத்துல டை ஏறாது, திட்டுத் திட்டா வரும். போர் தண்ணியில குளிக்கிற வீடா இருந்தா முடி மேல சுண்ணாம்பும் இரும்பும் படிஞ்சிருக்கும், அதுவும் கலரைக் கெடுக்கும், பெராக்சைடு போடும்போது முடி அதிகமா சேதமாகும். அதுக்கு க்ளாரிஃபையிங் ஷாம்பு, லேபிள்ல ஈடிடிஏன்னு (அந்த சுண்ணாம்பு, இரும்பைப் பிடிச்சு இழுக்குற பொருள்) இருந்தா இன்னும் நல்லது, தண்ணியில கரைச்சு ஊத்தி கழுவுங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள் தலைக்கு ஷாம்பு வேண்டாம், மண்டையில கொஞ்சம் இயற்கை எண்ணெய்ப் பசை வரட்டும், அது எரிச்சலைக் குறைக்கும். ரீட்விஸ்ட், அதாவது வேர்ல புதுசா வளந்த முடியை முறுக்கி லாக்கோட சேக்குறதும் இந்த சமயத்துல வேண்டாம், வேரை இழுத்து முறுக்கிட்டு அது மேல மருந்தும் வச்சா தாங்காது, கலர் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சுப் பண்ணுங்க.

பின்னாடி மறைவா இருக்க ஒரு லாக்கை எடுத்து அதுல மட்டும் முழு வேலையையும் செஞ்சு பாருங்க. கலர் எப்படி வருதுன்னு பாக்குறதுக்கு மட்டும் இல்ல. அந்த ஒரு லாக்கை அலச எவ்ளோ நேரம் ஆச்சு, காய எவ்ளோ நேரம் ஆச்சுன்னு குறிச்சுக்கோங்க, அதை வச்சுத்தான் அன்னைக்கு நாள் எப்படிப் போகும்னு கணக்குப் போட முடியும். ஈரமா இருக்கும்போதும் காஞ்ச பின்னாடியும் மெதுவா இழுத்துப் பாருங்க, ரப்பர் மாதிரி நீண்டா இல்ல பொடியா உதிர்ந்தா ப்ளீச் பிளானை விட்டுடுங்க.

நாள் பாக்குறதும் முக்கியம், நல்ல நேரம் இல்லங்க, வெதர். ஐப்பசி கார்த்திகை அடைமழையில சென்னையில துணியே காயாது, லாக்ஸ் எங்க காயும். காத்து காய்ஞ்சு இருக்க சீசன்ல, லீவு நாள்ல, காலையில எட்டு மணிக்குள்ள ஆரம்பிங்க. மோட்டார் போட்டு டேங்கை நெரப்பிட்டு உக்காருங்க, பாதி அலசும்போது தண்ணி நின்னா அதை விடக் கொடுமை இல்ல.

பூசுற வேலை. நெத்தி ஓரம், காது, கழுத்துல வாசலின். ஜன்னலைத் தெறந்து வைங்க, ப்ளீச் பவுடரைக் கொட்டும்போது பறக்குற தூசை மூச்சுல இழுக்காதீங்க, ஆஸ்துமா இருக்கவங்களுக்கு அது ஆகவே ஆகாது. பவுடர் ஒரு பங்கு, டெவலப்பர் ரெண்டு பங்கு, பாக்கெட்ல வேற அளவு போட்டிருந்தா அதுதான் சரி. கெட்டியா கலக்குனா லாக் மேல்தோல்ல மட்டும் நிக்கும், தயிர் பதத்துல இருந்தா உள்ள எறங்கும்.

லாக்ஸ் காஞ்சு இருக்கணும். நாலு பாகமா பிரிச்சு, பின் கழுத்துல இருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு லாக்கா எடுத்து நுனியில இருந்து மேல வாங்க. பிரஷ்ல தடவிட்டு விட்டுடாம உள்ளங்கையில வச்சு அமுக்கி அமுக்கி உள்ள ஏத்துங்க, சுத்தியும் பட்டுச்சான்னு திருப்பிப் பாருங்க, ஃபாயில்ல மடிச்சு வைங்க. நடுக்கரு வரைக்கும் ஏறாது, ஏறவும் வேண்டாம், உள்ள கொஞ்சம் கருப்பா இருந்தாத்தான் லாக்குக்கு பலம், பாக்கவும் ரெண்டு ஷேடா அழகா இருக்கும். வேர்ல இருந்து ஒரு இஞ்ச் விட்டுடுங்க. இது மண்டை எரியும்ங்கிறதுக்காக மட்டும் சொல்லல, முழு லாக்கோட வெயிட்டும், அதுவும் ஈரமா இருக்கும்போது, அந்த ஒரு இஞ்ச்லதான் தொங்குது. அங்க ப்ளீச் பட்டு மெலிஞ்சா மொத்த லாக்கும் போயிடும். போதாததுக்கு மண்டைச் சூட்டுல வேர்ப் பக்கம் சீக்கிரம் வெளுத்துடும், கலர் ஒரே மாதிரி வராது.

முதல் தடவைன்னா நுனியில பாதி, இல்ல அங்கங்க ஏழெட்டு லாக் மட்டும் பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன். பாக்க ஸ்டைலாவும் இருக்கும், அலச வேண்டிய வேலையும் பாதியாயிடும்.

அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஃபாயிலைத் திறந்து, கொஞ்சம் துடைச்சுப் பாருங்க. ஆரஞ்சு வந்துட்டா எடுத்துடலாம். 45 நிமிஷத்துக்கு மேல எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீங்க, பாக்கெட்ல அதை விடக் கம்மியா போட்டிருந்தா அதுதான் லிமிட். ஹேர் ட்ரையர் வச்சு சூடேத்துறது, வெயில்ல போய் நிக்கிறது இதெல்லாம் வேண்டாம். ப்ளீச் காஞ்சு போனா வேலை செய்யறதை நிறுத்திடும், அதனாலதான் ஃபாயில். எரிஞ்சா, ஃபாயில் கைக்குச் சுட்டா, உடனே கழுவிடுங்க, இன்னும் அஞ்சு நிமிஷம்னு உக்காராதீங்க.

இப்ப அலசுறது. இங்கதான் முழு மூச்சா நிக்கணும். முதல்ல தண்ணி ஊத்தாம கையுறையோட ஒவ்வொரு லாக்கையும் மேல இருந்து கீழ உருவி, மேல இருக்க பேஸ்டை வழிச்சு எடுத்துடுங்க. அப்புறம் முக்காலி போட்டு உக்காந்து தலையைப் பின்னாடி சாச்சு, கண்ணுல வழியாத மாதிரி, சாதாரண தண்ணியில, சுடுதண்ணி இல்லாம, ஹேண்ட் ஷவர் இருந்தா வேர்ல இருந்து நுனிக்கு ஓட விடுங்க. மேல்தண்ணி தெளிஞ்சதும் முடிஞ்சதுன்னு நெனைப்பீங்க, முடியல. ஒரு பக்கெட்ல தண்ணி பிடிச்சு லாக்ஸை பத்து நிமிஷம் ஊற விடுங்க, எடுத்துப் பிழிங்க, தண்ணி கலங்கலா வரும், கொட்டிட்டு திரும்ப. பிழியும்போது துணி முறுக்குற மாதிரி முறுக்கக் கூடாது, ப்ளீச் பண்ண முடி ஈரத்துல ரொம்ப பலவீனமா இருக்கும். ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு அமுக்கி, கொஞ்சம் கீழ எறக்கி, திரும்ப அமுக்கி. ஊற, பிழிய, கொட்ட, இது பக்கெட் தண்ணி தெளியுற வரைக்கும் போகும். அப்புறம் ஷாம்புவை தண்ணியில நல்லா நீர்க்க கரைச்சு சாஸ் பாட்டில்ல ஊத்தி, லாக் உள்ள பீச்சி, அமுக்கி, திரும்ப பக்கெட். தடி லாக்ஸா இருந்தா ஒரு மணி நேரம் சாதாரணமா ஆகும். முதுகு வலிக்கும், கூட இருக்க ஆளை இங்கயும் யூஸ் பண்ணிக்கோங்க.

போதுமான்னு எப்படித் தெரியும்? லாக்கோட தடியான எடத்துல அமுக்கி வர்ற தண்ணியை விரல்ல தேச்சுப் பாருங்க, சோப்பு மாதிரி வழவழன்னு இருந்தா ப்ளீச்சோட காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) இன்னும் உள்ள இருக்கு. இன்னும் உறுதியா தெரியணும்னா மீன் தொட்டிக் கடையில தண்ணி அமிலமா காரமான்னு கலர்ல காட்டுற பிஹெச் ஸ்ட்ரிப் விப்பாங்க, அதுல உங்க குழாய்த் தண்ணியையும் பிழிஞ்ச தண்ணியையும் நனைச்சுப் பாருங்க, ரெண்டு கலரும் ஒண்ணா இருக்கணும். ப்ளீச்சோட பிஹெச் 9, 10னு இருக்கும், அதனால மிச்சம் இருந்தா வித்தியாசம் நல்லாத் தெரியும். எனக்கு இந்த ஸ்ட்ரிப் இல்லாம இப்ப மனசு ஆறாது, கண்ணால பாத்து தெளிஞ்சிடுச்சுன்னு சொல்றதெல்லாம் நம்பக் கூடாது.

அதுக்கப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து ஊத்தி ரெண்டு நிமிஷம் விட்டு திரும்ப தண்ணி. ப்ளீச் தலையில இருக்கும்போதே வினிகரை ஊத்தி நிறுத்துறேன்னு ஆரம்பிக்காதீங்க, முழுசா அலசுன பின்னாடிதான். போர் தண்ணி வீடுன்னா கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணி வச்சுக்கோங்க. கண்டிஷனர் வேண்டாம், லாக்ஸ் வழுக்கி லூசாகும், உள்ளயும் தங்கும்.

காய வைக்கிறது அடுத்த பாதி வேலை. ஈரிழைத் துண்டுல சுத்தி அமுக்கி, துண்டு நனைஞ்சதும் அடுத்த துண்டு, டர்க்கி டவல் வேண்டாம், அதோட நூல் லாக்ஸ்ல ஒட்டிக்கும். மொட்டை மாடி காத்து இல்ல ஃபேனுக்குக் கீழ விரிச்சுப் போடுங்க, ட்ரையர் போட்டா கூல் செட்டிங். மேல காஞ்சாலும் நடு ஈரமா இருக்கும், தடியான எடத்தை அமுக்கி கன்னத்துல வச்சுப் பாருங்க, சில்லுனு இருந்தா இன்னும் காயல. ஈரத்தோட கட்டிக்கிட்டோ கேப் போட்டுக்கிட்டோ தூங்குனா உள்ள பூஞ்சை பிடிக்கும், அந்த மக்கல் நாத்தம் வந்துட்டா அப்புறம் போக வைக்கிறது பெரும்பாடு. வீட்டுல பாட்டி சாம்பிராணி போடச் சொல்லுவாங்க, போடலாம், வாசமா இருக்கும், ஆனா நாத்தம்தான் மறையும், ஈரம் அப்படியேதான் இருக்கும்.

இந்த ஸ்டேஜ்ல தலை செம்பட்டையா, கன்னாபின்னான்னு இருக்கும். பயப்படாதீங்க. டைரக்ட் கலரை அன்னைக்கே போடாம அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ லாக்ஸ் முழுசா காஞ்ச பின்னாடி போடுங்க, உள்ள தண்ணி நெறைஞ்சிருந்தா கலருக்கு எடம் இல்ல, நீர்த்துப் போய் வெளிறிடும். இங்க ஒரு விஷயம், விரிச்ச முடிக்கு கலரைக் குறைக்க வெள்ளை கண்டிஷனர் கலக்கச் சொல்லுவாங்க, லாக்ஸுக்கு அது ஆகாது, ஷேட் குறைக்கணும்னா தண்ணி கலங்க. நுனி மட்டும்னா ஒரு பிளாஸ்டிக் டம்ளர்ல கலரைக் கரைச்சு நாலஞ்சு லாக்கா முக்கி எடுக்குறது பிரஷ்ஷை விட ஈசி, சமமாவும் ஏறும். ஃபாயில்ல சுத்தி பாட்டில்ல போட்ட நேரம் வைங்க, இதை அரை மணி நேரம் கூட வச்சாலும் சேதம் இல்ல. அலசும்போது பச்சைத் தண்ணி, ஷாம்பு வேண்டாம், தண்ணி வெளிறிப் போனா போதும், இது முழுசா தெளியாது, சிவப்பு கடைசி வரைக்கும் கொஞ்சம் விட்டுக்கிட்டேதான் இருக்கும்.

நேரடியா பெர்மனன்ட் டை போடுறவங்களுக்கும் பூசுற முறை, வேர்ல இடம் விடுறது, அலசல், காய வைக்கிறது எல்லாம் இதேதான், ப்ளீச் ஸ்டெப் மட்டும் கிடையாது. நேரம் அட்டையில போட்டபடி. ஏற்கனவே கருப்பு டை போட்ட முடியா இருந்தா அது மேல லைட் கலர் டை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, டையை டை வெளுக்க வைக்காது.

அடுத்த ரெண்டு வாரம் வெள்ளைச் சட்டை போடாதீங்க. நம்ம ஊர் வேர்வைக்கு சிவப்பு கழுத்துல வழியும், பஸ்ல பக்கத்துல இருக்கவங்க ரத்தம்னு பயந்துடுவாங்க. தலகாணிக்கு டார்க் கவர். வாரம் ஒரு தடவைக்கு மேல ஷாம்பு வேண்டாம், நீச்சல் குளமும் கடலும் கலரைச் சீக்கிரம் வெளுக்கும். கோவளத்துல சர்ஃப் பண்ற பசங்க மாதிரி தினம் உப்புத் தண்ணியில இருக்கவங்கன்னா, எறங்குறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில லாக்ஸை நனைச்சுக்கோங்க, ஏற்கனவே ஊறுன முடி உப்புத் தண்ணியை கம்மியா குடிக்கும், வந்ததும் அலசிக் காய வைங்க. வெளுத்த பின்னாடி திரும்ப ப்ளீச் தேவையில்ல, அதே டைரக்ட் கலரை டம்ளர்ல கரைச்சு முக்கி எடுத்தா போதும். வேர்ல கருப்பு வளர்ந்து வர்றதை அப்படியே விட்டுடுங்க, லாக்ஸ்ல அது அசிங்கமா தெரியாது. மெலிஞ்சு போன லாக் ஏதாவது கண்ணுல பட்டா பக்கத்து லாக்கோட சேத்து ஒண்ணா பின்னி விட்டுடுங்க, அறுந்து விழுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.